பத்தாவது போட்டோவுக்குப் பிறகுதான் முகம் வரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, செல்போனில் இருக்கும் போட்டோக்களை அதில் ஏற்றுவது. நீங்களும் ஏற்றியிருப்பீர்கள். அந்த ஃபோல்டரை ஒரு முறை திறந்து பாருங்கள். பிறந்தநாள் கேக், திருப்பதி பயணம், கல்யாண மேடை, குழந்தை தவழ்வது, நடப்பது, அழுவது எல்லாம் இருக்கும். வீட்டில் மூத்தவர் ஒருவர் தனியாக, கண் தெளிவாகத் தெரியும்படி, தன் இயல்பான முகத்தோடு இருக்கும் போட்டோ எத்தனை இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் ஒன்றுகூடத் தேறாது.

நான் மென்பொருள் பொறியாளர். வேலை சென்னையில். சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வயதானவர்களைப் போட்டோ எடுப்பது வழக்கம். இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. செல்போன் கேமராவே போதும். அதைவிட அதிகம் தேவைப்படுவது பொறுமை. அது ஏன் தேவை, எடுக்கும்போது என்ன செய்யவேண்டும், எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் எப்படிக் காப்பாற்றுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

அட்டையில் மட்டும் இருக்கும் முகம்

உத்திரமேரூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அன்று ஒருவரை அடையாளம் காட்ட ஓலையில் எழுதிய பெயர் போதுமானதாக இருந்தது. இன்று முகமும் வேண்டும். புகைப்படம் ஒட்டிய வாக்காளர் அடையாள அட்டை 1993-ல், டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது வந்தது. 2010-ல் ஆதார் வந்தது. 2017-ல் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு ஸ்மார்ட் கார்டாக மாறியபோது, குடும்பத் தலைவரின் படம் அதிலும் ஏறியது.

கிராமத்தில் எழுபது வயதைத் தாண்டிய பலருக்கு, தனியாக எடுத்த போட்டோ என்றால் இந்த அட்டைகளில் இருப்பதுதான். வரிசையில் நின்று, அரை நிமிடத்தில் எடுத்துக்கொண்ட படம். அட்டையின் வேலை ஆளை அடையாளம் காட்டுவது. அதை அது செய்துவிடுகிறது. சிக்கல் பிறகுதான் வருகிறது. அவர் இறந்த அன்று மாலை போட வீட்டில் படம் இருக்காது. யாராவது ஒருவர் அட்டையை எடுத்துக்கொண்டு பஜாரில் இருக்கும் ஸ்டூடியோவுக்கு ஓடுவார். "அர்ஜென்ட், இதைப் பெரிசு பண்ணிக் கொடுங்க" என்பார்.

அப்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது தெரியுமா? அட்டையில் உள்ள படம் ஏறக்குறைய ஒரு இன்ச் அகலம். அதை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 300 பிக்சல் அகலம் கிடைக்கும். 8-க்கு 10 இன்ச் பிரிண்ட் தெளிவாக வரவேண்டுமானால் 2400 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் வேண்டும். அதாவது அகலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நம்மிடம் இருக்கிறது. பரப்பளவில் கணக்கிட்டால் ஏறக்குறைய அறுபத்து நான்கில் ஒரு பங்கு. இன்னும் அதிக டிபிஐ-யில் ஸ்கேன் செய்தாலும், அட்டையில் அச்சான புள்ளிகள்தான் பெரிதாகத் தெரியும். புதிய விவரம் வராது.

மீதியைப் போட்டோ எடிட்டிங் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அதனால்தான் அந்தப் படங்கள் எல்லாம் மாவு பூசியதுபோல் இருக்கின்றன. இப்போது வந்திருக்கும் ஏஐ மென்பொருள்கள் இதை இன்னும் சாமர்த்தியமாகச் செய்கின்றன. எத்தனையோ வேறு முகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்து இமை, பல், தோல் எல்லாவற்றையும் புதிதாக வரைந்துவிடுகின்றன. படம் பளிச்சென்று வரும். ஆனால் அந்தக் கண் உங்கள் பாட்டியின் கண் அல்ல. பாட்டியின் கண் கம்ப்யூட்டருக்குள் வரவேண்டுமானால், அவர் இருக்கும்போதே அதைப் படமெடுத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது கட்டாயமாக இருந்த காலம்

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் ராபர்ட் கொர்னேலியஸ் என்பவர் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கியே வைத்திருந்தார்கள்.

நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்து சேர்க்கும் பணியைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் செய்தார்கள். அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். படம் எடுப்பது அப்போது ஒரு நாள் வேலை. குளித்து, நல்ல துணி உடுத்தி, பஸ் ஏறி டவுனுக்கு வந்து, திரைச்சீலைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஸ்டூடியோக்காரரும் அவசரப்பட மாட்டார். நடுத்தர அளவு ஃபிலிம் ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள். பிறகு வந்த 35 மி.மீ. ரோலில் 36. ஒவ்வொரு கிளிக்கும் காசு. அதனால் முகவாயைத் திருப்பி, விளக்கை நகர்த்தி, எதிரே இருப்பவர் மூச்சை விட்டுத் தளரும்வரை பார்த்திருந்துதான் பட்டனை அழுத்துவார்.

இன்று நூறு படம் எடுத்தாலும் ஒரு காசு செலவில்லை. ஷட்டர் நூறில் ஒரு பங்கு வினாடியில் திறந்து மூடிவிடுகிறது. மெஷினுக்கு நேரம் தேவைப்படாததால், நாமும் நேரம் கொடுப்பதை விட்டுவிட்டோம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் 1839-ல் எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்கிறார். கேமராவைக் கண்டதும் விறைக்கும் முகம் தளர்வதற்கு அன்றைக்கு ஆன நேரம் இன்றைக்கும் ஆகிறது.

எந்த ஆபீசுக்கு இந்த போட்டோ?

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆயா இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவுடன் போனேன். பார்த்ததும் கேட்டார்.

"எந்த ஆபீசுக்குப்பா இந்த போட்டோ?"

"ஆபீசுக்கு இல்ல ஆயா. வீட்ல வைக்க."

"வீட்ல வைக்கவா? பென்ஷன நிறுத்தப் போறாங்களா, அத சொல்லு மொதல்ல."

இல்லை என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. பிறகு உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, கண் இமைக்காமல் உட்கார்ந்தார். எடுத்த படம் எல்லாம் அப்படியே ஓட்டர் ஐடி படம்தான்.

இதில் அவர் தவறு எதுவும் இல்லை. அவர் வாழ்க்கையில் கேமராவைச் சந்தித்த இடங்களில் எல்லாம் "நிமிர்ந்து உட்காரு, சிரிக்காதே, அசையாதே" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் கேமரா என்றால் ஆபீஸ். நம் மூத்தவர்கள் பலருக்கும் அப்படித்தான். அதனால் முதல் பத்துப் படங்களில் அட்டை முகம்தான் வரும். நாம் பெரும்பாலும் மூன்றாவது படத்திலேயே எழுந்து வந்துவிடுகிறோம்.

அடுத்த வாரம் போனபோது முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உருவினேன். அரை மணி நேரம் கேமராவை எடுக்கவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடிய வருஷங்களைப் பற்றிப் பேசினார். கிளம்பும்முன் சில படங்கள் எடுத்தேன். கொஞ்சம் தேவலை. மூன்றாவது ஞாயிறு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று அவருடைய அண்ணன் அவரைத் தள்ளிவிட்ட கதை வந்தது. சொல்லிச் சிரித்து முடித்தவர், எனக்குக் கதை புரிந்ததா என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான் படம்.

மூன்று ஞாயிறுகளில் எடுத்தவை 140 படங்கள். வைத்துக்கொண்டவை இரண்டு. மூன்றாவது வாரம் கேமரா மாறவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. "எப்போது முடிப்பான்" என்று ஆயா காத்திருப்பது நின்றுபோனது, அவ்வளவுதான்.

மதுரையில் ஒரு மகன்

இதைத் தொழிலாகவே செய்பவர்களும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த எம்.பழனி குமாரை எடுத்துக்கொள்வோம். பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' என்ற கிராமப்புற மக்கள் ஆவணக் காப்பகத்துக்காக அவர் எடுத்த படங்கள் பலருக்குத் தெரியும். மனிதக் கழிவை அகற்றும் தொழிலாளர்களைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு, 2017-ல் அது வெளிவருவதற்கு முன், ஒளிப்பதிவு செய்தவரும் அவர்தான். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களையும் படமாக்கினார். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய படங்களில் நமக்கு மிக அருகில் இருப்பவை, மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தன் தாயை அவர் எடுத்தவை. தெருவிளக்கின் வெளிச்சத்தில் உழைக்கும் தாய். அவை ஒரு நாளில் எடுத்தவை அல்ல. பல ஆண்டுகளாக எடுத்தவை. சொந்த அம்மா, பழகிய தெரு, இருந்தும் ஆண்டுக்கணக்கில் தேவைப்பட்டிருக்கிறது.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. வெளியூரிலிருந்து வரும் படக்கலைஞருக்கு, வீட்டு வாசலில் உட்கார இடம் கிடைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகும். உங்களுக்கு அது பிறக்கும்போதே கிடைத்துவிட்டது. அடுத்த வாரமும் நீங்கள் அங்கே போகத்தான் போகிறீர்கள்.

எப்படி எடுப்பது?

1. நேரம்: காலை ஏழு முதல் ஒன்பது வரை, அல்லது மாலை நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் கண் குழிக்குள் நிழல் விழும். ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

2. இடம்: திண்ணை நல்ல இடம். வீட்டுக்குள் என்றால், திறந்த வாசலைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். வாசல் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும். வேப்ப மரத்தடி வேண்டாம்; இலை இடுக்கு வழியாக வரும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

3. உயரம்: அவர் தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கவேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் விசாரணை செய்வதுபோல் இருக்கும்.

4. தூரம்: செல்போனின் முக்கிய லென்ஸ் அகலமாகப் பார்க்கக் கூடியது. மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வரும். ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஃபோகஸ்: திரையில் அவர் கண் இருக்கும் இடத்தை விரலால் தொடுங்கள். இரண்டு கண்களில் உங்களுக்குப் பக்கமாக இருப்பது தெளிவாக இருக்கவேண்டும்.

6. செட்டிங்ஸ்: 'பியூட்டி' என்று ஏதாவது இருந்தால் ஆஃப் செய்யுங்கள். எழுபது வருடத்துச் சுருக்கத்தை அது ஒரு நொடியில் துடைத்துவிடும். 'போர்ட்ரெய்ட்' மோடில் பின்னணி மங்குவது பெரும்பாலும் மென்பொருளின் வேலை. அது சில சமயம் காது ஓரத்தையும் நரைமுடியையும் சேர்த்து மங்கவைத்துவிடும். எனவே சாதாரண மோடிலும் எடுத்து வையுங்கள்.

7. முதல் பத்துப் படங்கள்: விறைப்பாக இருந்தாலும் எடுங்கள். எடுத்ததை அவரிடம் காட்டுங்கள். "நான் இவ்வளவு கெழவியா ஆயிட்டேனா" என்று ஒரு பேச்சு ஆரம்பிக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியது.

8. கைக்கு வேலை: கையில் வெற்றிலையோ, கீரையோ, பேரக்குழந்தையின் தலையோ இருந்தால் முகம் தானாகத் தளரும். "சிரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். சிரிப்பு வரும்படி எதையாவது கேளுங்கள்.

9. பேச்சு முடிந்ததும் கேமராவை இறக்காதீர்கள்: நல்ல முகம் பெரும்பாலும் சிரிப்பு அடங்கிய பிறகு வரும் இரண்டு வினாடியில் இருக்கும்.

10. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்: விடாமுயற்சி என்பது வற்புறுத்துவது அல்ல. காப்பி குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த வாரம் மறுபடி போய்க் கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் செய்யவேண்டியவை

செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி' திறந்தால் போனின் பெயர் தெரியும். அதற்குள் டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் படங்கள் இருக்கும். காப்பி செய்து, பிக்சர்ஸ் ஃபோல்டரில் தனி ஃபோல்டர் போட்டு பேஸ்ட் செய்யுங்கள். ஃபோல்டருக்கு ஆண்டு, மாதம், தேதி, அவர் பெயர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். தேதி வரிசைப்படி தானே அடுக்கிக்கொள்ளும். யூனிகோடில் டைப் செய்தால் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் வேலையை அன்றைக்கே செய்யாதீர்கள். செல்போன் திரையில் பார்த்து எதையும் அழிக்கவும் வேண்டாம். சின்னத் திரையில் தெளிவாகத் தெரிந்தது பெரிய மானிட்டரில் மங்கலாக இருக்கலாம். வேண்டாம் என்று நினைத்த படத்தில் பார்வை நன்றாக இருக்கலாம். இரண்டு நாள் கழித்துப் போட்டோஸ் புரோகிராமில் ஒவ்வொன்றாகத் திறந்து, கண் இருக்கும் இடத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எடிட் செய்வதாக இருந்தால் ஒரிஜினலைத் தொடாதீர்கள். 'சேவ் அஸ் காப்பி' கொடுத்துத் தனிப் பிரதியில் செய்யுங்கள். ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவது, இவ்வளவு போதும். இதற்கு மேல் வேண்டுமானால் ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சுருக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும். 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள். முழு அளவில் போய்ச் சேரும். ஒரு பிரதியைப் பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கிலோ போட்டு வேறு ஒரு வீட்டில் வையுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் படம், அது பழுதாகும் அன்று போய்விடும்.

கடைசியாக ஒரு பிரிண்ட் போடுங்கள். 8-க்கு 10 போதும். ஆயாவிடம் பிரிண்டைக் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு டிரங்குப் பெட்டியில் வைக்கச் சொன்னார். "பத்திரமா வெய்யி. நாளைக்கு எவனும் கார்டத் தூக்கிக்கிட்டு ஓட வேணாம்."

பெயர் இல்லாத முகம்

படத்தோடு பெயரையும் சேர்த்து வைப்பது மிக முக்கியம். 1984-ல் ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கப் படக்கலைஞர், பாகிஸ்தானில் பெஷாவர் அருகே அகதிகள் முகாமில் ஒரு ஆப்கானியச் சிறுமியைப் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் அது வந்தது. உலகமே அந்தப் பச்சைக் கண்களைப் பார்த்தது. ஆனால் அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2002-ல் மெக்கரியும் அவருடன் போனவர்களும் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஷர்பத் குலா என்பது அவர் பெயர். அவர்தானா என்று உறுதி செய்தது கம்ப்யூட்டர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன், கருவிழி அமைப்பை ஒப்பிடும் தன் மென்பொருளில் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, இருவரும் ஒருவரே என்றார். ஆதார் பதிவின்போது நம் கண்ணை ஸ்கேன் செய்வதும் இதே கருவிழி அடையாளத்துக்காகத்தான். அன்று முன்பின் தெரியாத ஒருவர் படம் எடுத்ததில் தனக்குக் கோபம் வந்ததை ஷர்பத் குலா மறக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்தில் விடுபட்டவை இரண்டு: சம்மதம், பெயர்.

உங்கள் படத்தில் இரண்டும் இருக்கட்டும். ஜேபெக் ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' தேர்ந்தெடுங்கள். 'டீடெய்ல்ஸ்' டேபில் 'டைட்டில்', 'கமென்ட்ஸ்' என்ற இடங்கள் இருக்கும். அங்கே பெயர், ஊர், உறவு, எடுத்த நாள் ஆகியவற்றை டைப் செய்து ஓகே கொடுங்கள். இந்த விவரம் ஃபைலுக்குள்ளேயே பதிவாகும். பிரிண்டின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதிவிடுங்கள். ஐம்பது வருடம் கழித்து உங்கள் பேத்தி அந்தப் படத்தைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்கும்போது சொல்ல யாரும் இல்லாமல் போகலாம்.

வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் இந்த ஞாயிறே தொடங்குங்கள். செல்போனில் சார்ஜ் இருக்கிறதா, இடம் காலியாக இருக்கிறதா என்று சனிக்கிழமை இரவே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நல்ல படம் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அடுத்த ஞாயிறும் போய் உட்காருங்கள்.